வறண்ட கிணறு

மூக்கையூருக்குத் தெற்கே பதினெட்டுக் கடல்மைலில்
மூன்று கால்களை அடித்தரையில் ஊன்றி
தன்னைத்தானே தூக்கிக்கொண்டு நிற்கிறது மேடை.
எனக்கு அதில் வேலை, சேறு பார்ப்பது.

ஐந்து மீட்டருக்கு ஒருமுறை
அதிரும் சல்லடையில் ஒரு கை அள்ளி
அலசி, தட்டில் பரப்பி,
உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து
பெயர் எழுத வேண்டும்.
சுண்ணாம்புக்கல், வெளிர்.
களிக்கல், சாம்பல்.
களிக்கல், சாம்பல்.
களிக்கல், சாம்பல்.
ஒருநாள் விடியற்காலை, நகக்கண் அளவில்
உடையாத ஒரு சிப்பி.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
‘இதர’ என்று எழுதினேன்.

இந்தச் சேற்றுக்கு உப்பு ஆகாது.
வாரம் இருமுறை தூத்துக்குடியிலிருந்து
செய்யது நெய்னாவின் கப்பல்
இருநூறு டன் நல்ல தண்ணீரோடு வந்து
குழாய் மாட்டும்.
சுற்றிலும் கடல் பார்த்துக்கொண்டிருக்க
ரசீதில் கையெழுத்திடுவேன்.

சனிக்கிழமை போனில் எனக்கு நாலு நிமிஷம்.
சாயல்குடிப் பக்கத்திலிருந்து முனீஸ்வரி:
லாரி வரல.
ஊத்து தோண்டுனோம், ஆறடியில கரிச்சிருச்சு.
தள்ளுவண்டிச் சக்கரம் வேற கழண்டுருச்சு.
‘அங்க எம்புட்டு ஆழம்?’
‘மூவாயிரத்த நெருங்குறோம்.’
‘அடியா?’
‘மீட்டர்.’
கொஞ்ச நேரம் லைன் மட்டும் இரைந்தது.
‘தண்ணி வந்துச்சுன்னா சொல்லு’ என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

இதற்கிடையில்
கால்களில் பாசி பிடித்தது.
பாசிக்குச் சாளை வந்தது, சாளைக்குப் பாரை வந்தது,
பாரைக்கு ரோச்மாநகர் தொம்மை வந்தார்.
ஐநூறு மீட்டருக்குள் படகு வரக்கூடாது.
வயர்லெஸ்காரர் இந்தியில் இரண்டுதரம் விரட்டிவிட்டு
மைக்கை என் கையில் திணித்தார்.
‘அண்ணே, கோட்டுக்கு வெளிய போங்க.’
‘கோட்ட எங்கப்பா போட்டுருக்க? காட்டு.’
நீலத்தில் எங்கே காட்டுவது?
‘மீனு உள்ளதான நிக்குது’ என்றார் மறுபடி,
கோபமில்லாமல்,
ஒரு தகவலைப் போல.

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
களிக்கல் முடிந்து மணற்கல் தொடங்கியது.
வாயு முள் பன்னிரண்டிலிருந்து நாற்பதுக்கு,
நாற்பதிலிருந்து தொண்ணூறுக்குத் துள்ளியது.
அன்று இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் இறங்கவில்லை.
டிரில்லர் வர்கீஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.
நான் மணலை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தேன்.
மண்ணெண்ணெய் வாடை அடித்த மாதிரி இருந்தது,
அல்லது அடிக்க வேண்டுமென்று இருந்தது.

கருவியை இறக்கி
நான்கு இடத்தில் உறிஞ்சி எடுத்தார்கள்.
நான்கு குப்பியிலும் தண்ணீர்.
கோடி வருஷமாக யாரும் தொடாத,
சுடச்சுட, உப்புத் தண்ணீர்.

இப்படித் தண்ணீர் நிறைந்த கிணற்றுக்கு
எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு:
வறண்ட கிணறு.
அப்படித்தான் அறிக்கையில் போனது.
நானே தட்டச்சு செய்தேன்.

மூன்று அடைப்பு சிமெண்டு.
அதைக் குழைக்கவும் நல்ல தண்ணீர்தான்.
கடைசிக் கப்பல், கடைசி ரசீது.

சனிக்கிழமை.
‘வந்துச்சு’ என்றேன்.
‘நெசமாவா? குடிக்கலாமா?’
மூன்று நிமிஷம் பாக்கியிருந்தது.
தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பற்றிக் கேட்டேன்.

திங்கள் காலை, கச்சான் ஓய்ந்த நேரம்
கால்கள் ஒவ்வொன்றாக மேலேறின,
பாசியும் சிப்பியும் ஒழுக ஒழுக.
இழுவைக் கப்பல்கள் மேடையைத் திருப்பின.
கோடு என்று எதுவும் இப்போது இல்லை.
தொம்மை படகை உள்ளே கொண்டுவந்து
என்ஜினை நிறுத்தி
கயிற்றை விட்டுப் பார்த்தார்.
சுருட்டினார்.
இன்னொரு பக்கம் போய் விட்டுப் பார்த்தார்.